பச்சைப் பெயிண்டும் பிஷாராவின் வட்டங்களும்

பிஷாரா வீட்டைப் பூட்டிவிட்டு நேராக ஆலைக்கு வந்த நாளே கிடையாது. தெருமுனை வரை வருவான், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி நடப்பான், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் திரும்புவான். மகள் மாரினா தூங்கும்போது அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பானாம். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவன் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் சர்க்கரை ஆலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கப் போட்டிருந்தார்கள்.

என் பெயர் பதாவி. கரும்பை நார்நாராகக் கிழித்துப் போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். அதை நாங்கள் ஓநாய் என்போம். போடுகிற கரும்பு அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்று உறுமும். முன்பெல்லாம் அதற்கு ஒரே இடத்தில்தான் அதிர்வை அளப்பார்கள், மோட்டார் முனையில். காரணம் வேறொன்றும் இல்லை, தேநீர் அடுப்பு அங்கேதான் இருந்தது. ஒருநாள் காலை அங்கே அளந்து, எல்லாம் சரி என்றார்கள். மதியம், கரும்பு விழுகிற பக்கத்து முனையில் பேரிங் உடைந்தது. அதன் மூடியிலிருந்து பறந்து வந்த துண்டு என் முழங்காலைப் பதம் பார்த்தது. அன்றிலிருந்து விந்தி விந்திதான் நடக்கிறேன். அன்று அளந்தவன் பிஷாரா. எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அவனுக்குத்தான் அவன்மேல் தீராத கோபம்.

அடுத்த கோடையில், ஆலை ஓடாத மாதங்களில், அவன் ஓநாயைவிட்டு நகரவே இல்லை. மோட்டாரின் இரண்டு முனை, ஓநாயின் இரண்டு முனை, ஒவ்வொன்றிலும் மேலே, பக்கவாட்டில், அச்சின் நீளவாக்கில் என்று இடம் குறித்தான். குறித்த இடத்திலெல்லாம் பழைய பெயிண்டைச் சுரண்டி, காசு அளவுக்கு இரும்பைப் பளபளவென்று தேய்த்தான். சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டான். அதிர்வை அளக்கும் சென்சாரின் காந்தம் எப்போதும் அதே இடத்தில், வெறும் இரும்பில் ஒட்ட வேண்டும், ஒரு முனையை மற்ற முனைகளோடு ஒப்பிட்டால்தான் நோவு எங்கே என்று தெரியும் என்பான். பிறகு ஆலை முழுவதும் பம்பு, காற்றாடி எதையும் விடவில்லை. ஒரு நோயாளிக்கு இத்தனை இடத்தில் நாடி பார்க்கும் வைத்தியன் எங்கள் பிஷாரா ஒருவன்தான் என்று நான் கேலி செய்வேன். இன்ஜினியர் மெத்வல்லி மட்டும் கேலி செய்யவில்லை. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

இந்த அரவைப் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஓநாயின் கரும்புப் பக்க முனையில் அளவு மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. பிஷாராவின் முகமும் கூடவே சுருங்கியது. அந்த நேரம் பார்த்து, கவர்னர் வருகிறார் என்று செய்தி வந்தது.

கவர்னர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் முதலில் வருவது பெயிண்ட் டப்பா. மரங்களின் காலுக்குச் சுண்ணாம்பு, நடைபாதை ஓரத்துக்குக் கறுப்பு வெள்ளை, மற்ற எல்லாவற்றுக்கும் பச்சை. அசையாமல் நின்று பேசிக்கொண்டிருந்தால் நமக்கும் பச்சை அடித்துவிடுவார்கள். கழுவுவதற்காக ஆலையை நிறுத்திய ஒரே நாளில் ஓநாய்க்கு இரண்டு பூச்சு ஏறியது. பிஷாரா அன்று சாவு வீடு ஒன்றுக்குப் போயிருந்தான்.

மறுநாள், வட்டங்கள் மறைந்துபோனதால் இடத்தை உத்தேசமாகப் பிடித்து அளந்தபோது கரும்புப் பக்க முனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. நின்ற நாளில் போல்ட்டை இறுக்கி, கிரீஸ் அடித்ததால் சரியாகிவிட்டது என்று மெத்வல்லி சந்தோஷப்பட்டார். எனக்கும் அதுதான் தோன்றியது. பிஷாராவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த முனை மட்டும் இறங்கியிருந்தால் நம்பியிருப்பானாம். எந்த நோவும் இல்லாத மோட்டார் முனைகளிலும் அல்லவா இறங்கியிருக்கிறது? எல்லாரும் ஒரே நாளில் எப்படிக் குணமாவார்கள் என்று என்னைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கவர்னர் வருகிற அன்று காலை, வட்டம் இருந்த இடத்தை நகத்தால் தடவித் தேடிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை எடுத்து நகத்தைப் பார்த்தான். நகக்கண்ணில் பச்சை. பேரிங் விரிசல் விடும்போது முதலில் எழுவது மெல்லிய, கூர்மையான நடுக்கம். தடித்த பெயிண்ட் அதை அப்படியே விழுங்கிவிடும். அவன் கத்தியை எடுத்து அந்த ஓர் இடத்தைச் சுரண்டி, சென்சாரை ஒட்டினான். அளவு பெயிண்ட் அடிப்பதற்கு முன் இருந்ததைவிடவும் ஏறியிருந்தது. என் முழங்கால் தானாக வலிக்க ஆரம்பித்தது.

அந்த முனைக்கு நேர் எதிரே, கரும்பு விழுவதைக் கவர்னர் நின்று பார்ப்பதற்காகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்ஜினியர் வாயால் சொல்லாமல் அழுத்தினால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. பயமாக இருந்தது, அழுத்தவில்லை. மெத்வல்லியை அழைத்துவர ஆள் அனுப்பினேன்.

அவர் புதுக் கோட்டோடு வேகமாக வந்தார். கருவியைப் பார்த்தார், சுரண்டிய இடத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வாசலுக்கு வந்துட்டாரு பிஷாரா. இப்பப் போய் நிறுத்தச் சொல்றியே. ஒரு மணி நேரம் பொறுத்துக்கப்பா. போட்டோ புடிச்சுட்டுக் கெளம்பட்டும், ஒடனே நிறுத்திரலாம்."

பிஷாரா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் அவன் குரல் உயரவில்லை.

"சரி இன்ஜினியர் பாஷா. அந்த ஒரு மணி நேரமும் நீங்க இந்தக் கம்பளத்து மேல நில்லுங்க. நானும் பக்கத்துலயே நிக்கிறேன்."

மெத்வல்லி கம்பளத்தை நோக்கி ஓர் அடி வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்து பதாவி," என்றார்.

கவர்னரை மூட்டை கட்டும் கூடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். பிற்பகலில் பேரிங்கைக் கழற்றினோம். வளையத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். மெத்வல்லி அதைப் பார்த்துவிட்டுக் கம்பளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சர்க்கரை தாராளமாகப் போட்டு ஒரு கிளாஸ் தேநீர் கலந்து பிஷாராவின் கையில் கொடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குடா என்றேன். அவன் குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்தபடி ஆலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதாவி, எல்லாத்துக்குமே அடிச்சுட்டாங்கல்ல?"

நானும் திரும்பிப் பார்த்தேன். பம்புகள், காற்றாடிகள், மோட்டார்கள் எல்லாம் ஒரே பச்சையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூடச் சிவப்பு வட்டம் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அதன் இரும்புக் கூட்டில் சாய்ந்துகொண்டுதான் தேநீர் குடித்திருக்கிறேன். மெதுவாக அதைவிட்டு விலகி, பிஷாராவிடம் இன்னொரு கத்தி இருக்கிறதா என்று கேட்டேன்.