அப்பா இருக்கும் இடம்

எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் சைரன் சத்தத்துக்கு யாரும் தலை நிமிர்வதில்லை. ஷிப்ட் மாறினால் ஊதும், சோற்று நேரத்துக்கு ஊதும். அன்று மதியம் அது நிற்காமல் ஊதியது. அம்மா வடித்துக்கொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அப்பா வேலை செய்த இரும்பு ஆலையில் உலை வெடித்துவிட்டதாம் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பாவின் செல்போனுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. போனை ஆலை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் விடாமல் அடித்தாள்.

எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த சித்தி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, தன் லேப்டாப் முன்னால் உட்காரவைத்தாள். அவளுக்குக் காலேஜில் ஸ்மால்டாக் என்றொரு கம்ப்யூட்டர் மொழி பாடமாக இருந்தது. ஊரே பதறும்போது பாடம் நடத்த எங்கள் சித்திக்குத்தான் தோன்றும்.

“இதுல எதை வேணா ஒரு பொருளா செய்யலாம். இன்னா செய்யலாம், சொல்லு.”

“அப்பா” என்றேன்.

சித்தியின் விரல்கள் சற்று நின்றன. பிறகு தட்டினாள். அப்பா என்றொரு வகை. அதற்குள் இடம் என்று ஒரே ஒரு விவரம். அதை வெளியிலிருந்து கையை நுழைத்து எடுக்க முடியாதாம். கேட்டால் சொல்ல மெத்தட் என்று ஒரு கட்டளை, சொன்னால் வாங்கி வைத்துக்கொள்ள இன்னொரு மெத்தட் வேண்டுமாம். இரண்டையும் எழுதி, ஓர் அப்பாவை உண்டாக்கி, என்னையே கேட்கச் சொன்னாள். இடம் கேட்டேன். திரையில் nil என்று வந்தது.

“அப்படின்னா இன்னா சித்தி?”

“ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

“அய்ய, அழாத. அப்பா இல்லன்னு சொல்லல அது. இப்பத்தான் பொறந்துது. எங்க கீறோம்னு அதுக்கு யாரும் இன்னும் சொல்லல, அவ்ளோதான்.”

பிறக்கும்போதே சொல்லிவைக்க இனிஷியலைஸ் என்றொரு மெத்தட் உண்டாம். அதை எழுதி, இடத்துக்கு ‘வீடு’ என்று போட்டாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் nil. புதிதாக ஒன்று உண்டாகும்போதுதான் அது ஓடுமாம். ஏற்கெனவே உண்டானதைத் தொடாதாம்.

“வேற அப்பா ஒண்ணு புச்சா செஞ்சா செரியா வரும்” என்றாள் சித்தி.

“எனக்கு வேற அப்பா வேணாம்!” என்று கத்தினேன்.

சித்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “செரி, இவருக்கே சொல்லிடலாம்” என்று, வாங்கி வைக்கும் மெத்தட்டைக் காட்டி, வீடு என்று என்னையே அடிக்கச் சொன்னாள். அடித்தேன். இடம் கேட்டேன். வீடு என்று வந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பியது. “அம்மா! அப்பா ஊட்லதான் கீறாரு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினேன்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். அறையில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரையைக் காட்டினேன். சித்தி திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். வீடு என்பது நாங்களாகப் போட்டது, அப்பா எங்கே என்று அதற்கு ஒன்றும் தெரியாது என்றாள். அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. அடி விழப்போகிறது என்று சித்தியின் பின்னால் ஒளிந்தேன்.

அம்மா அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தபா கேளு” என்றாள்.

கேட்டேன். வீடு என்றது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் கேளு என்றாள்.

பொழுது சாயும்போது, சட்டையெல்லாம் கரியும் முழங்கையில் கொப்புளமுமாக அப்பா நடந்தே வந்துசேர்ந்தார். அதுவரைக்கும் அம்மா என்னைக் கேட்கவைத்துக்கொண்டே இருந்தாள். நாம் போட்டதைத்தானே அது திருப்பிச் சொல்கிறது, சித்தி அத்தனை சொல்லியும் அம்மாவுக்கு இதுகூட விளங்கவில்லையே என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.