பிலோமினா அக்காவின் ஓராண்டு விதி

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதலில் தலைக்கு எண்ணெய் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வெள்ளிக்கிழமை முழுக்கு வாய்ப்பதில்லை. எண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தபோது பிலோமினா அக்கா வீட்டு ரிக்‌ஷாக்காரர் வாசலில் வந்து நின்று, அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று மலாய் மொழியில் சொன்னார். மாரடைப்பு. அக்காவை அறிந்த உங்களிடம் மறைத்துப் பயனில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இன்று மாலை மாஜோங்குக்கு நாலாவது ஆள் யார் என்ற கேள்விதான் வந்தது. அக்கா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். என்னைப் பற்றி அவருக்கு எப்போதும் அவ்வளவு மதிப்புத்தான்.

பெண்பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தையல் சொல்லிக்கொடுத்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசுவார்கள். நான் இந்தப் பத்திரிகையில் அவருடைய சனிக்கிழமை மாஜோங் மேசையைப் பற்றி எழுதுகிறேன். அடுத்த வீட்டுச் சீன அம்மாதான் அக்காவுக்கும், சுங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி எலிசபெத்துக்கும், அக்காவின் பள்ளியில் கணக்கு ஆசிரியையான எனக்கும் காய்களை அடுக்கி ஆடும் அந்தச் சீன ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் அக்கா ஒரு காயை என் மூக்கருகே நீட்டினார். அதில் சீன எழுத்து.

"மெட்ராஸ்ல பி.ஏ. படிச்சீங்களாம்ல. இதப் படிங்க, பாப்பம்."

எனக்குத் தெரியவில்லை.

"எட்டுன்னு போட்டிருக்கு. பாருங்கம்மா, கணக்கு டீச்சருக்கு எட்டு தெரியல!"

சீன அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை சீன எண்கள் எனக்கு மனப்பாடம். "வெக்கப்பட்டாத்தான் டீச்சர் மண்டையில ஏறும்" என்பார் அக்கா. தையல் வகுப்பிலும் அவர் முறை அதுதான். கோணலாகத் தைத்த பிள்ளை அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளியைச் சுற்றி வரவேண்டும்.

எனக்கு டைபாய்டு வந்தபோது உடன் வேலை பார்த்த ஒருவரும் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் தனிக்கட்டை. மூன்றாவது வாரம் அக்கா காய்ப்பெட்டியோடு வந்து இறங்கினார். பின்னால் எலிசபெத்தும் சீன அம்மாவும், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு. என் முழங்காலுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டுக் காய்களைக் கொட்டினார்.

"எந்திரிச்சு உக்காருங்க. சாவுறதுன்னா இந்த ஆட்டத்த முடிச்சிட்டுச் சாவுங்க. மூணு பேர வச்சிக்கிட்டு நாங்க என்னா பண்றது?"

நான் பிழைத்தது மருந்தாலா கோபத்தாலா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு சீன அம்மா மகனோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். காய்ப்பெட்டியை அக்காவிடம் விட்டுப் போனார். நான்கு பேர் இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. அப்படித்தான் தங்கம் வந்தார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரின் மனைவி. பால்மரம் வெட்டியவரின் மகள். பஸ் ஏறி, ஃபெர்ரி பிடித்து, சனிக்கிழமைதோறும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். எலிசபெத் அவருக்கு வைத்த பெயர் 'எஸ்டேட்டு'.

முதல் ஆட்டத்திலேயே தங்கம், எலிசபெத் கழித்துப் போட்ட காயை எடுக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையை விசிறிக் காம்பால் தட்டினார்.

"புதுசா வந்தவங்க ஒரு வருசத்துக்கு அடுத்தவங்க போட்ட காய எடுக்கக்கூடாதுலா. அடுக்கி வச்சதுலேர்ந்து தன் முறைக்கு வர்றத வச்சித்தான் ஆடணும். சீனங்க வழக்கம்."

"அப்படியாக்கா? எனக்குத் தெரியாதுக்கா. மன்னிச்சிருங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கும் இல்லை. பிறர் கழித்த காயை எடுக்காமல் மாஜோங்கில் வெல்வது குதிரைக்கொம்பு. எலிசபெத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் காய்களை நேராக அடுக்கினேன். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

தங்கம் அந்த விதியை ஒருமுறைகூட மீறவில்லை. தமக்கு வேண்டிய காய் மேசை நடுவில் விழும்போது அவர் விரல்கள் புடவை மடிப்பைப் பற்றிக்கொள்ளும். அக்கா அந்த விரல்களைப் பார்த்தே அவர் கையில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுவார். வாராவாரம் தோற்பவர் தங்கம். வாராவாரம் சிரித்தவர்கள் நாங்கள்.

ஓராண்டு முடிந்த அன்று ஒரு டின் நிறைய அதிரசம் கொண்டுவந்தார்.

"இன்னியோட ஒரு வருசம் ஆச்சுக்கா."

அக்கா ஒன்றை எடுத்துக் கடித்து நிதானமாக மென்றார். "நம்ம வருசம் இல்ல தங்கம், சீன வருசம்லா. நீங்க அவங்க புதுவருசம் கழிச்சில்ல வந்தீங்க? அதுனால இந்தப் புதுவருசத்துலேர்ந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். நம்பிக்க இல்லன்னா டீச்சரக் கேளுங்க."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதிரசம் நன்றாக இருந்தது. இரண்டு தின்றேன்.

அக்கா இறந்த அன்று தங்கத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. வழக்கம்போல் ஆட வந்தவர், நல்ல புடவையும் கையில் முறுக்கு டின்னுமாகச் சவப்பெட்டிக்கு எதிரில் வந்து நின்றார்.

"வெளையாட வந்தியா?" என்றார் எலிசபெத். "இன்னிக்கு அக்கா ஆடல."

தங்கம் டின்னை மூலையில் வைத்துவிட்டு, அங்கிருந்த யாரையும்விட அதிகமாக அழுதார். பிறகு யாரும் கேட்காமலே அடுப்படிக்குள் போய், வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கலக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"தங்கம், அந்த ஒரு வருச விதி…"

"தெரியும் டீச்சர்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து. தோட்டத்து முக்குல கட வச்சிருக்கிற சீனத்தியும் அவ மருமகளும் ஆடுவாங்க. பெருமையா இந்த விதிய அவங்ககிட்டச் சொன்னேன். வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"லயத்துல இருக்கிற பால்மரம் வெட்டுறவங்க எல்லாரும் என்னப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க. தோட்டத்துக் கிராணி வூட்ல என்னை நிக்க வச்சே பேசி அனுப்புவாங்க. உக்காருன்னு நம்ம சனத்துல சொன்னது பிலோமினா அக்கா ஒருத்தங்கதான்." குவளைகளைத் தட்டில் அடுக்கினார். "அக்கா பொய் சொன்னாங்க. அது அவங்க கொணம், விடுங்க. நீங்க படிச்சவங்க. இந்த வாரம் சொல்லுவீங்க, அடுத்த வாரம் சொல்லுவீங்கன்னு ஒங்க வாயவே பாத்துக்கிட்டிருந்தேன். அதுலயே எனக்குப் பாதி ஆட்டம் போயிரும். நகருங்க டீச்சர், கோப்பி சிந்திரும்."

மறுநாள் அடக்கம் முடிந்ததும் அக்காவின் கணவர் காய்ப்பெட்டியை என்னிடம் தந்து, இந்தச் சத்தம் இனி தம் வீட்டில் வேண்டாம் என்றார். திரும்பும் வழியில் எலிசபெத் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்.

"இனிமே ஒங்க வீட்லதான் டீச்சர். வர்ற சனிக்கெழம மூணு மணி. டாக்டர் சம்சாரத்தையும் அவங்க தங்கச்சியையும் வரச் சொல்லிட்டேன். நாலு பேர் ஆச்சு."

"தங்கம்?"

"எஸ்டேட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். அக்காவே போயாச்சு. இனி யாருக்காக அதக் கட்டி மேய்க்கணும்?"

நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். என் மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்ள நானேதான் பழக்கியிருக்கிறேன்.

பிலோமினா அக்காவிடம் அன்பையும் பொறுமையையும் கற்றேன் என்று எழுதினால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். அவர் எங்களைச் சேர்த்து வைத்தார். சேர்ந்திருக்க ஒருத்தி அடிபட வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். அவர் குணத்தில் ஒன்று மட்டும் என்னிடம் தங்கியிருப்பதாக இந்த வாரம்தான் கண்டுகொண்டேன். ஒருவர் முகம் சுருங்கும் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்து, அதற்காக வருந்தாமல் இருப்பது.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும். எலிசபெத்துக்குச் சொல்லவில்லை. நான் வருவதாகத் தங்கத்துக்கும் சொல்லவில்லை. அவர் என்னை உட்காரச் சொல்லலாம், நிற்கவைத்தே பேசி அனுப்பலாம். மூன்று மணிக்கு எலிசபெத்தும் டாக்டர் மனைவியும் தங்கையும் நல்ல புடவைகளில் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் காய்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் இருப்பேன்.