அத்தை நேர்ந்த பஞ்சாமிர்தம்

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் பூம்பாறையில் பூண்டு விவசாயம் பார்க்கும் ஒருத்தி எழுதுகிறேன். 2006ஆம் வருடம் தை மாதம் நான் ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன்னால் என் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவில்லாமல் போய்விட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற தெம்பு எனக்கும் இல்லை.

அதனால் இந்த முறை என் அத்தை முந்திக்கொண்டார். அத்தை என்றால் என் மாமியார்தான். என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவர் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை தினமும் காலையில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் எனக்கு ஊட்டுவதாகப் பழனியில் நேர்ந்துகொண்டு, டப்பா டப்பாவாக வாங்கியும் வந்துவிட்டார். நான் வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் கரண்டியோடு நிற்பார். அவ்வளவு பாசம்.

அந்த மாதம் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது.

"உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்காம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொன்னார். "எங்க வம்சத்துல அந்தச் சீக்கே கெடையாதுங்க. இவ ஆத்தா வழியில இருந்தா எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா, காலில் முள் குத்திய புண் ஆறாமலே இறந்தவர். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். தயங்கித் தயங்கி அதையும், அத்தை அவருடைய தங்கை என்பதையும் சொன்னேன்.

"அது சர்க்கரையா இருந்திருக்கலாம்மா. பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். சிலருக்குக் கர்ப்பத்துலதான் வெளிய தெரியும். இதுல யார் மேலயும் குத்தம் இல்ல. முதல் பிள்ளை போனதுக்குக்கூட இது காரணமா இருக்கலாம். இனிமே இனிப்பே கூடாது" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலையில் கரண்டி வழக்கம்போல வந்தது. "சாமி பிரசாதம் கெடுதல் செய்யுமாத்தா? நேர்த்தியை முறிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தோட்டத்தில் சோலி கிடக்கிறது என்று நழுவிவிட்டார். வாயில் வாங்கியதை வீட்டுக்குப் பின்னால் போய்த் துப்பினேன். பிரசாதத்தைத் துப்பிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விழுங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. துப்பினால் சாமி குற்றம். அன்றைக்கு அழுததுபோல் நான் என்றைக்கும் அழுததில்லை.

எங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பர் முன்னால் போய் நின்றேன். நோயை எடுத்துவிடு என்றுகூடக் கேட்கவில்லை. "முருகா, அத்தைக்கு நீயே புரிய வை. என்னால் ஆகாது" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, நான் எதுவும் சொல்லாமலே, அத்தை பக்கம் திரும்பினார். "நீங்க இவங்க அப்பா கூடப்பிறந்தவங்கதானே? உங்களுக்கும் பாத்துருவோம்."

"தாராளமாப் பாருங்க" என்று அத்தை கெத்தாக விரலை நீட்டினார். நர்ஸ் குத்திப் பார்த்தார். சந்தேகப்பட்டு இன்னொரு விரலிலும் பார்த்தார். எனக்கு இருந்ததைவிட அத்தைக்குத்தான் சர்க்கரை அதிகம்.

அத்தை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "எங்க அண்ணனுக்கும் நாக்கு வறண்டுக்கிட்டே கெடக்கும். சொம்பு சொம்பாத் தண்ணி குடிப்பாரு. எனக்கும் இப்ப அப்படித்தேன்" என்றார். பஸ்ஸில் ஊர் வரும்வரை என் கையை விடவே இல்லை.

மறுநாள் காலையில் அத்தை கையில் கரண்டி இல்லை. திருநீறு இருந்தது. பஞ்சாமிர்த டப்பாக்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"பிள்ளைக்காகத்தேன் நேந்தேன். பிள்ளைக்கே ஆகாதுன்னா முருகன் என்னைய ஏன் கோவிக்கப் போறான்? எங்க அண்ணன் ரத்தந்தேன் நம்ம ரெண்டு பேருக்குள்ளயும் ஓடுது. ஒங்க ஆத்தாளை இழுத்துப் பேசுனது தப்பு தாயி" என்று என் நெற்றியில் பூசினார். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அதன்பின் இருவருக்கும் ஒரே சாப்பாடு. சோறு கொஞ்சம், பீன்சும் முட்டைக்கோசும் நிறைய. எனக்கு ஊசி, அவருக்கு மாத்திரை. சாயங்காலம் ரோட்டில் சேர்ந்து நடப்போம். மூச்சு வாங்க வாங்க என்னைக் கேலி செய்துகொண்டே வருவார். சித்திரைக் கடைசியில் என் மகள் பிறந்தாள். அவள் வீறிட்டு அழுத சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனாலும் வருடா வருடம் பார்த்துக்கொள்கிறேன். வளர்ந்தபின் மகளுக்கும் சொல்லி வைப்பேன்.

நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். நாம் நினைத்த வழியில் வராவிட்டாலும் அவன் வந்துவிடுவான். எங்களுக்கு ஒரு ஊசிமுனையில் வந்தான்.

போன மாதம் அத்தையின் மகள் உண்டானாள். ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். டாக்டரம்மா சீட்டைக் கையில் எடுப்பதற்குள் அத்தை எழுந்து நின்று சொன்னார்: "எங்க வம்சத்துல சர்க்கரை இருக்குங்க. எங்க அண்ணன் அதுலதேன் செத்தாரு. எம் மகளுக்கு வெரசாப் பாத்துருங்க."