ஸ்டோரில் வைத்த பேட்டரிகள்

யோகராஜ் மாமா தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது ஏலக்காய் வாசனை. அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை, நகப்பூச்சு போலத் தித்திப்பாக. உள்ளே ரிமோட் கார்களின் பேட்டரிகள் குட்டித் தலையணைகளாக உப்பிக் கிடந்தன. கோடை விடுமுறையில் நான் பார்த்தபோது சோப்புக்கட்டி மாதிரித் தட்டையாக இருந்தவை.

"என்ன தாயி, எல்லாம் முழுகாம இருக்குதுக?" என்றார் மாமா.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் பெட்டியை மெதுவாக மூடினார்.

மாமா என் அம்மாவின் தம்பி. போடியிலிருந்து விடியும் முன் கிளம்பி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஒன்றைப் பல வருடம் ஓட்டியவர். போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார். சர்க்கரை வியாதியில் ஒரு கண் மங்கியதும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். மெட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் அத்தை மகாராணிக்கு வேலை இருந்தது. மாமாவும் அங்கேயே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குக் குடிபோய், பூச்சிமருந்தடிக்கும் வேலையில் சேர்ந்தார்.

அந்த வேலை அவரை ஒரே வருடத்தில் உடைத்தது. நாளெல்லாம் ஹோஸைப் பிடித்து ஏலச்செடியின் தூருக்கு மருந்து பீய்ச்ச வேண்டும். சாயங்காலம் தட்டில் கை வைத்தால் சோறே மருந்தாக நாறுகிறது என்று எழுந்துவிடுவார். வாந்தி எடுப்பார். பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. காலையில் அத்தைதான் போட்டுவிடுவார்.

மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டை மூடியபோது, அங்கே பிள்ளைகள் விளையாடிய ரிமோட் கார்களை மாமா மொத்தமாக வாங்கி வந்தார். பெரிய டயர் வைத்த, கல்மேல் ஏறும் கார்கள். போடிமெட்டில் பால்ராஜ் என்பவரின் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சரிவு சும்மா கிடந்தது. மாமா அதில் மண்ணை வெட்டி, கல் அடுக்கி, தான் ஓட்டிய மலைப்பாதையையே சின்னதாகச் செய்தார். பதினேழு வளைவும் இருந்தன. தடுப்புச் சுவர்கூட இருந்தது. சுற்றுலா வந்த பிள்ளைகள் அதை விட்டு நகரவில்லை. அந்தக் கோடையில் மாமா மருந்தடிக்கப் போகவில்லை.

பேட்டரிகளை அவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேட்டில் கார் திணறினால் உடனே கழற்றிவிடுவார். கழற்றிய பேட்டரியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், விரல்களுக்குத்தான் சூடு தெரியாதே. ஆறிய பிறகே சார்ஜரில் மாட்டுவார். மணல் நிரப்பிய சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றுவார். ஏறி முடியும்வரை எழுந்து போகமாட்டார். டீகூட அங்கேயே வர வேண்டும்.

ஆனி பிறந்ததும் மழை வந்தது. மழைக்கு மூட்டைகட்டி வைக்கும்போதுதான் எல்லாம் நடந்திருக்கிறது.

மழைக்காலத்தில் மலையில் மண் சரியும், பாதை அடைபடும். அதனால் ஜீப் டிரைவர்கள் மழைக்கு முன் டேங்கை நிரப்பித்தான் வண்டியை நிறுத்துவார்கள். மாமாவும் ஒவ்வொரு பேட்டரியையும் நிறைய ஏற்றிவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார். லயத்து வீட்டிலோ சுவரெல்லாம் தண்ணீர் ஊறும், பாயில் பூசணம் பூக்கும். அங்கே கெடக்கூடாத எதையும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். ரேஷன் கார்டு, கல்யாணப் பட்டு, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், எல்லாம் ஸ்டோர்ப் பரணில் இருக்கும். அத்தைக்கு அங்கேதான் அடுப்பு பார்க்கும் வேலை. அவர்தான் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, அடுப்புச் சூடு ஓடும் குழாய்க்கு மேலே, இருப்பதிலேயே காய்ந்த இடத்தில் வைத்தார். காய் பறிப்பு தொடங்கியதும் அடுப்பு இரவும் பகலும் எரிந்தது.

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கூட்டம் வரும். அதற்காக மாமா பெட்டியை இறக்கிய அன்று நான் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மலைக்குப் போயிருந்தேன். எங்கள் சொந்தத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல் படித்தேன். வேலை கிடைக்கவில்லை.

"நீ கரண்டு பத்தித்தானே தாயி படிச்ச? இதுகளை எழுப்ப வழி இருக்கான்னு பாரு."

நான் போனில் தேடினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. இந்த மாதிரி பேட்டரியை நாள்கணக்கில் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், நிறைய ஏற்றிச் சூட்டில் வைத்தால் உப்பிவிடும், உப்பியது இனி ஆகாது, சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம் என்றிருந்தது. மூன்று வருடம் படித்ததில் இது எந்தப் பாடத்தில் வந்தது என்று யோசித்தேன். வந்திருந்தாலும் இந்தப் பெட்டியோடு சேர்த்து யோசித்திருப்பேனா என்று தெரியவில்லை.

நான் படித்துச் சொன்னதை மாமா கடைசிவரை கேட்டார்.

"அப்ப நான் டேங்க் நிரப்பி வச்சேன், அவ அடுப்புல வச்சா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா பாரு, இதை உங்க அத்தைகிட்ட சொல்லிறாத."

அத்தை வந்ததும் அவரே பேச்சை எடுத்தார். "ரிசார்ட்டுக்காரன் ஏமாத்திப்புட்டான்டி. பழைய சரக்கு."

"நாசமாப் போவான்!" என்றார் அத்தை. "நான் பிள்ளை மாதிரி சேலையில சுத்தி வச்சேனே! ஈரமே படலையேங்க!"

"படலை. நீ நல்லாத்தான் வச்ச."

ஒரே ஒரு பேட்டரி பிழைத்திருந்தது. ஒரு காரிலிருந்து வயரைக் கழற்றிவிட்ட மாமா, பேட்டரியை எடுக்க மறந்திருக்கிறார். ஓடிக் களைத்த பாதி சார்ஜோடு அது மழை முழுக்கக் கட்டிலுக்கு அடியில் ஈரத்தில் கிடந்தது. தட்டையாக, நல்லபடியாக இருந்தது. புதிது வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை.

பூஜையன்று கார்களை வரிசையாக நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்தார் மாமா. சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்தார். பேட்டரி உள்ள அந்த ஒரே காரை அதன்மேல் ஏற்றினார். அது பழத்தின்மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது, பழம் நசுங்கவே இல்லை.

பால்ராஜ் டீ ஆற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, எலுமிச்சம்பழமே உன்னை மதிக்கல. டூரிஸ்ட்டு எங்க மதிக்கப் போறான்?"

"ஒரு நாள் பொறுங்கண்ணே."

"பொறுக்குறேன். சோளம் அவிக்கிறவன் ஒருத்தன் இந்த எடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கு பேட்டரி வேண்டாம், விறகு போதும்."

மறுநாள் வெயில் அடித்தது. மலை முழுக்க வண்டிகள். பிள்ளைகள் பாதையைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். முதல் பிள்ளை வளைவுகளில் காரை ஏற்றியபோது மாமா வாய்க்குள் ஹாரன் அடித்தார். இன்னும் சிலர் ஓட்டினார்கள். பிறகு கார் மேட்டில் திணறியது. மாமா பேட்டரியைக் கழற்றிக் கன்னத்தில் வைத்தார்.

"கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் சார்ஜ் போட்டுத் தர்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஓர் அப்பா.

"ஒரு மணி நேரம் சார்."

அவருடைய மகள் கையிலிருந்த ரிமோட்டைத் தர மறுத்து அழுதாள். ஓடாத மற்ற கார்களைக் காட்டி, அது எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அப்பா கேட்டார். அவர்கள் போனபின் வந்தவர்களும் அப்படியே போனார்கள். சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் மாமா மணல்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்வதற்கு எனக்குத் தெரிந்ததை எல்லாம் முன்பே சொல்லிவிட்டேன்.

விடுமுறை முடிந்ததும் பால்ராஜ் சத்தம் போடவில்லை. "கோவிச்சுக்காத மாப்ளே" என்றார், அவ்வளவுதான். சோளக்காரர் அடுப்பு போடுவதற்காக மேல் வளைவுகளை மண்வெட்டியால் சமப்படுத்தினார். மாமா ஒரு தடுப்புக் கல்லை எடுத்துப் பார்த்தார், பிறகு அதை அடுப்புக்கே கொடுத்துவிட்டார். உப்பிய பேட்டரிகளை, மிச்சச் சார்ஜ் வடியட்டும் என்று, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தோம். நாலைந்து நாள் லேசாகக் குமிழி விட்டன.

நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய காலையில் மேகம் லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தது. மருந்தடிக்க ஆள் ஏற்றும் ஜீப்பு கீழே ஹாரன் அடித்தது. மாமா பழைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தார்.

அத்தை அந்த ஒற்றைப் பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஐப்பசி மழை கட்டிக்கிச்சு. இதை ஸ்டோர்ல வச்சிட்டு வெரசா வர்றேன். இதுவாச்சும் பிழைக்கட்டும். ராத்திரி ஃபுல்லா ஏத்திட்டீங்கள்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஏத்திட்டேன்."

"போன தடவை வச்ச எடத்துலயே வைக்கவா?"

"அங்கயே வை."

அத்தை அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். யாருக்காகக் கூப்பிடுவது என்று எனக்கு விளங்கவில்லை, இன்றுவரை. ஜீப்பு மறுபடியும் ஹாரன் அடித்தது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டன் போட அத்தை திரும்பி வரட்டும் என்று வாசலில் நின்றார்.