எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

1. காலை ஐந்து ஐம்பதுக்கு நானும் மாமாவும் பரணில் ஏறினோம்.
2. ஆறு இருபத்தைந்துக்கு மான் கொல்லைக்குள் வந்தது.
3. ஆறு முப்பத்தொன்றுக்கு அம்பு விட்டேன். தூரம் இருபத்துமூன்று மீட்டர்.
4. நுரையீரலில் பட வேண்டியது வயிற்றில் பட்டது.
5. மான் ஓடிப்போய் கொல்லையின் மேல் ஓரத்தில் படுத்துக்கொண்டது.
6. அது சாக ஏழு மணி நேரம் ஆனது.
7. அந்த ஏழு மணி நேரமும் நான் பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் இன்னோர் அம்பு இருந்தது.

ஏழாவதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. கூட இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். அப்போது ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. கல்லூரியில் பிடித்த வில்லை விடவில்லை. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். ஐம்பது மீட்டர் தள்ளி அட்டையை வைத்து எய்வது. எங்கள் வீடு அதியமான்கோட்டையில். நெடுஞ்சாலைக் கடைகளுக்கு நடுவில் ஐம்பது மீட்டர் காலி இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லம்பள்ளி தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் மாமாவின் கொல்லைக்குப் போய்ப் பழகுவேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அந்தப் பருவம் கொள்ளு போட்டிருந்தார். முந்தைய வருடம் போட்டதை மான் மேய்ந்துவிட்டது.

"அட்டையவே குத்திகிட்டு இருக்கறயே பாப்பா," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அட்டையா வந்து எங்கொள்ளத் திங்குது?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். புள்ளிமானைக் கொன்றால் ஜெயில் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அடுத்த வாரம் ஒரு கேமராவைக் கொண்டுபோய் வேலிக்கம்பத்தில் கட்டினேன். எதிரில் ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும். இரண்டு வாரம் கழித்துப் படங்களை இறக்கி, நாள், நேரம், எது, எத்தனை என்று அட்டவணை போட்டேன். ஐந்து பெட்டை மான்களும் இரண்டு குட்டிகளும் ஏறக்குறைய தினமும் வந்திருந்தன. பன்றிக்கூட்டம் மூன்று முறை. கொம்பு வைத்த கிடா நாலே நாலு காலைகளில். வந்த நாலு நாளும் அது மேய்ந்ததைவிட நின்று பார்த்ததுதான் அதிகம்.

மாமாவிடம் அந்த நாலு நாள் படங்களை மட்டும் காட்டினேன்.

முற்றின கிடா. கழுத்து தடித்து, முகம் கறுத்து, இடது காது கிழிந்திருந்தது. கொம்பு பக்கத்துக்கு மூன்று கிளை, உள்வாங்கி வளைந்து மேலே போனது. பயிரைக் காப்பாற்றத்தான் அதை அடிக்க நான் ஒத்துக்கொண்டேன் என்று மாமா நினைத்தார். அந்தக் கொம்பைப் பார்த்த பிறகு மற்ற படங்களை நான் திரும்பத் திறக்கவில்லை.

அப்போது எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை வரவிருந்தது. தேர்வு, உடற்தகுதி, சான்றிதழ் எல்லாம் முடிந்து போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. ஒரு வழக்கில் பெயர் வந்தால் போதும், வேலை இல்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் அம்புக்கு முனைகள் செய்தேன். ரம்பத் தகட்டை அறுத்து, சாணை பிடித்து, மூன்று அலகு வைத்து இரண்டு முனைகள். பத்தில் ஒரு கிராம்வரை எடை சரிபார்த்தேன். காற்றையும் கணக்கில் எடுத்தேன். விடியலில் காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். மானும் மேலிருந்துதான் வரும். பரணைக் கீழ்ப்பக்கப் புளியமரத்தில் போட்டால் எங்கள் வாடை அதற்குப் போகாது. பதினாலடி உயரத்திலிருந்து கீழ்நோக்கி எய்தால் குறியை எவ்வளவு குறைத்துப் பிடிக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டேன்.

முனைகளை என் போட்டி அம்புகளில் மாட்டினேன். போட்டி விதிப்படி ஒவ்வோர் அம்பிலும் எய்பவரின் முதலெழுத்து இருக்க வேண்டும். நான் முதலெழுத்தோடு வரிசை எண்ணும் எழுதி வைத்திருந்தேன். அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அட்டைக்குப் போன அம்பு எப்போதும் திரும்பித்தான் வந்திருக்கிறது.

அன்றைக்கு மான் தனியாக வந்தது. பனி இருந்தாலும் வெளிச்சம் போதும். பக்கவாட்டில் நின்றது. முன்னங்கால் ஓரடி முன்னால் இருந்தது. நான் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நாணை விடுவிக்கும் விசையை அழுத்தினேன். நாண் தட்டிய சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பயிற்சி மைதானத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. மான் கவனித்தது. அம்பு போய்ச் சேருவதற்குள் அது முன்பக்கம் பதுங்கி, பாய்வதற்குத் திரும்பிவிட்டது. விலாவுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அம்பு இறங்கியது.

"பட்டுதா?" என்றார் மாமா.

"பட்டுதுங்க. பின்னாடி."

"வயித்துலயா?"

"ம்."

"அப்ப இப்பத்திக்கு சாவாது," என்றார்.

மான் மேல் ஓரத்தில் கால்களை மடித்துப் படுத்து, தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அறுபது தப்படியில் சுண்ணாம்பு அடித்த எல்லைக் கற்கள். கல்லைத் தாண்டினால் காப்புக்காடு. ஆள் நுழைய முடியாத உன்னிப்புதர். தேட முடியாது. ஆனால் காட்டுக்குள் சுற்றும் வாட்ச்சர்களின் கண்ணிலோ ஆடு மேய்ப்பவர்களின் கண்ணிலோ எப்படியும் படும். கீழ்ப்பக்கம் ஓடினால் தார் ரோடு, பால் வண்டி. வயிற்றில் பட்டதை விட்டுவிட்டால் படுத்த இடத்திலேயே கிடக்கும், துரத்தினால் ஓடும் என்று படித்திருந்தேன். மாமாவுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. ஆகவே இறங்கக்கூடாது. உடம்பிலிருந்து ஒரு சாண் அம்பும் மூன்று ஆரஞ்சு இறகும் வெளியே தெரிந்தன. மூச்சு விடும்போதெல்லாம் இறகு ஏறி இறங்கியது.

"அந்த அம்புல என்னமோ எழுதி வெச்சிருப்பயே," என்றார் மாமா.

"என் பேரோட மொத எழுத்துங்க மாமா. நம்பரும்."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அட்ரசு எழுதலயா? பின்கோடு போட்டிருந்தா போஸ்ட்மேனே வூட்டுல கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருப்பான்."

நானும் சிரித்தேன். சத்தம் வராமல் சிரித்தோம், மானுக்குக் கேட்கக்கூடாது என்று.

போனில் நேரம் குறித்துக்கொண்டே வந்தேன். ஏழு பத்துக்குக் காதை ஆட்டியது. எட்டு மணிக்குத் தன் வயிற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வெயில் ஏறியதும், ஒன்பது வாக்கில், காற்று திரும்பிவிட்டது. பகலில் காற்று கீழிருந்து மலைக்கு ஏறும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பது மணிவரை பரணில் இருப்போம் என்று யார் கண்டது? எங்கள் வாடை நேராக அதனிடம் போனது. மூக்கைத் தூக்கி, மரத்தைப் பார்த்தது. அதன் பிறகு வேறு எங்கும் பார்க்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு எழுந்து நின்றது. நாலு கால்களும் அகன்று, முதுகு வளைந்து, பக்கவாட்டில் நின்றது. நாற்பத்தெட்டு மீட்டர்.

"வுடு பாப்பா," என்றார் மாமா. "நல்லா காட்டுது."

நான் வில்லை எடுத்து முழுதாக இழுத்தேன். குறிவட்டம் தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்தேன். பிறகு நாணை மெல்ல முன்னால் விட்டு, வில்லை இறக்கினேன்.

"ஏன், தூரமா?"

"இல்லீங்க. இது என் தூரம்தான். இந்த அம்பும் உள்ள நின்னுட்டு மான் கல்லத் தாண்டிருச்சுன்னா, என் பேரு போட்டது ரெண்டு அம்பா போயிருங்க. ஒண்ணுன்னா எங்கியாச்சும் பொதர்ல ஒடைஞ்சு வுழுந்திரும், யாரும் பாக்க மாட்டாங்கன்னு இருக்கலாம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பொழச்சுக்குவ," என்றார்.

மான் இருபத்தைந்து தப்படி கல் பக்கம் நடந்து, முன்னங்கால்களை மடித்து, திரும்பவும் படுத்தது.

பதினோரு மணிக்கு அத்தை வந்தார். நாங்கள் இருவருமே போனைச் சத்தம் இல்லாமல் வைத்திருந்ததால், கூப்பிட்டுப் பார்த்து அலுத்து, மாமாவைத் திட்டிக்கொண்டே டப்பாவோடு வந்துவிட்டார். மரத்தடியில் நின்றதும் மாமா கையைக் காட்டினார். அத்தை அந்தப் பக்கம் பார்த்தார்.

"உசுரு இருக்குதே."

"இருக்குது. மெதுவாப் பேசு."

"அதுக்குத்தான் ரெண்டு பேரும் மேல குந்திகிட்டுப் பாக்கறீங்களா? சினிமாவா ஓடுது?"

"எறங்குனா ஓடிரும்."

"ஓடட்டும்."

"ஓடுனா பாப்பாவுக்கு வேல போயிரும். அம்புல பேரு கெடக்குது."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இவனையா அடிச்சீங்க?" என்றார். "தெனமும் காலைல கல்ல வுட்டு வெரட்டறது நானு. அஞ்சு பொட்ட, ரெண்டு குட்டி. அதுங்கதான் மொட்டயடிக்குதுங்க. இவன என்னிக்கோ ஒரு நா பாப்பன், வந்து நின்னுட்டுப் போவான்."

மாமா என் பக்கம் திரும்பினார். படம் காட்டியது நான். நான் போனில் நேரத்தைப் பார்த்தேன்.

"கொம்பு வெச்சவன்தான் மத்ததுங்கள இட்டாறான்," என்றார் மாமா கடைசியில், அத்தையிடம்.

"ஆமா, கையப் புடிச்சு இட்டாறான். பண்றதுதான் பண்ணிட்டீங்க, அதையாச்சும் முழுசாப் பண்ணுங்க," என்றார் அத்தை. மாமா இறக்கிய கயிற்றில் டப்பாவைக் கட்டினார். "டப்பாவ மறக்காம கொண்டாங்க." வந்த வழியே போனார்.

ராகிக் களியும் கீரையும். எனக்குப் பசித்தது. களியை உருட்டி உருட்டித் தின்றேன். மாமா இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியை என் பக்கம் தள்ளினார். மான் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டரைக்கு மறுபடி எழுந்தது. இந்த முறை நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனது. கல்லுக்குப் பதினோரு தப்படியில் விழுந்தது. அப்போது அது முதல்முறையாகச் சத்தம் போட்டது. கதவுக் கீல் திறப்பது போல, நீளமாக. ஒரு காகம் வந்து அதன் இடுப்பில் உட்கார்ந்து, ஆரஞ்சு இறகைக் கொத்தியது. மான் தலையைத் திருப்பப் பார்த்தது. திருப்ப முடியவில்லை.

மாமா அருவாளை இடுப்பில் சொருகினார். "நான் எறங்கறன்."

"வேணாங்க மாமா. பதினோரு தப்படிதான் இருக்குது. உங்களப் பாத்து ஒரு பாய்ச்சல் பாஞ்சாப் போச்சு."

"பாயாது பாப்பா. பாரு அத."

"இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் இறங்கியிருக்கலாம். எனக்கு மாமா, என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர், அவர் கொல்லை. ஆனால் வேலை என்னுடையது என்பதால் என் பேச்சைக் கேட்டார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காகம் மூன்றாகி, ஐந்தானது. அவை எங்கே கொத்தின என்பதையும் குறித்து வைத்தேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன்.

ஒன்று முப்பதுக்குத் தலை சாய்ந்தது. இறங்கிப் போனோம். மாமா ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டார். இமை மூடித் திறந்தது. அவர் உட்கார்ந்து, கொம்பைப் பிடித்து, ஒரே இழுப்பில் கழுத்தை அறுத்தார். ரத்தம் அதிகம் வரவில்லை.

நான் அந்தப் பக்கம் போய் அம்பைப் பார்த்தேன். மானைப் பார்க்கும் முன் பார்த்தேன். இடுப்பெலும்பில் குத்தி நின்றிருந்தது. மாமாவிடம் அருவாளை வாங்கி, நானே அறுத்து எடுத்தேன். குடல் நாற்றம், புளித்த தீவன நாற்றம். கால் மணி நேரம் பிடித்தது. எடுத்துத் துடைத்ததும் எழுத்தும் எண்ணும் சுத்தமாக இருந்தன. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறெதுவும் அப்போது மனதில் இல்லை.

கறி உதவாது என்றார் மாமா. ஏழு மணி நேரம் வயிறு கிழிந்து வெயிலில் கிடந்தது, நாய்கூடத் தொடாது. கொம்பை மட்டும் வெட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். அகலத்தைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன். வீட்டில் கொம்பு இருந்தால் அதுவும் வழக்குதான். கொல்லையின் மூலையில் இடுப்பளவு குழி தோண்டி, கொம்போடு தள்ளி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். மண் சரியாக மூட சாயங்காலம் ஆனது. நாங்கள் வீட்டுக்குப் போனபோது அத்தை வெந்நீர் வைத்திருந்தார். மாமாவுக்கு ஒரு சொம்பு, எனக்கு ஒரு சொம்பு என்று எடுத்து வைத்தார்.

இப்போது இருக்கும் நிலை இது. போலீஸ் விசாரணையில் என்மேல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பருவம் மாமாவுக்குப் பாதிக் கொள்ளுதான் தேறியது. பெட்டை மான்கள் ஒரு நாளும் நிற்கவில்லை. இந்த வருடம் அவர் கொல்லையைத் தரிசாகப் போட்டிருக்கிறார். பயிற்சிக்கு எனக்கு அலுவலக மைதானம் இருக்கிறது. தினமும் மாலையில் எய்கிறேன். மதிப்பெண் குறையவில்லை.