யாரு வூட்டுப் பொண்ணு?

போன வருடக் கோடையில், ஜவ்வாது மலைமேல் நடந்த ஒரு விழாவில் நடந்தது இது. சாயங்கால நேரம். வெயில் இறங்கிவிட்டது, குளிர் இன்னும் ஏறவில்லை. வானம் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும் அந்த இடைவெளி எனக்கு எப்போதும் பிடிக்கும். இப்போது அதை நினைத்தாலே முகம் சுடுகிறது.

என் மகளும் அவள் தோழியும் ராப் பாடுகிறவர்கள். இரண்டே பேர்தான் அந்தக் குழு. தோழி மலைக்காரப் பெண். அவள் வீட்டில் சாமை விதைக்கிறார்கள், புளி உலுக்குகிறார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்த இருவரும் முதலில் பாடியது காலி வாளியைத் தட்டிக்கொண்டு. பிறகு ஒரு கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு பாட்டு. பிறகு ஒரு கோயில் திருவிழாவில் மேடை கிடைத்தது; பாதியிலேயே மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், "யாரு வூட்டுப் பொண்ணுங்கடி நீங்க? பெத்தவங்க கேக்க மாட்டாங்களா?" என்று கத்தினாராம். வேறு யாராவது என்றால் அழுதுகொண்டு வீடு வந்திருப்பார்கள். இதுங்க இரண்டும் திரும்பி வந்த பஸ்ஸிலேயே அதைப் பாட்டாக்கிவிட்டன.

"தெருவுல நின்னா யாரு வூட்டுப் பொண்ணு?
திரும்பிப் பேசுனா யாரு வூட்டுப் பொண்ணு?
சத்தமா சிரிச்சா யாரு வூட்டுப் பொண்ணு?
சம்பாரிச்சு வந்தா மட்டும் எங்க வூட்டுக் கண்ணு!"

செல்போன் செல்போனாக அந்தப் பாட்டு பரவியது. சென்னை, பெங்களூர் என்று மேடைகள் வந்தன. பாட்டின் முடிவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தோழி என் மகளைக் காட்டி, "யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்பாள். மொத்தக் கூட்டமும் "எங்க வூட்டுப் பொண்ணு!" என்று கத்த வேண்டும். அப்புறம் என் மகள் தோழியைக் காட்டிக் கேட்பாள். எந்த ஊராக இருந்தாலும் பதில் வந்துவிடும். என்னிடமிருந்து மட்டும் வந்ததில்லை. நான் ஒரு நிகழ்ச்சிக்குக்கூடப் போனதில்லை.

நான் எழுதுகிறவள். வசன கவிதை. கரை இல்லாத ஆறு மாதிரி எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்பவள். ஆனால் பெற்ற மகள் எதுகை மோனையோடு எகிறிக் குதித்துப் பாடினால் எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊர் ஒடுகத்தூர்க் கடைத்தெருவில் யாராவது, "உங்க பொண்ண போன்ல பாத்தோம்ங்க" என்றால், தக்காளியைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

அந்த விழாவில் மதியம் கவியரங்கம். அதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் அதே மேடையில் அவர்கள் இருவரும். ஆலங்காயத்தில் பஸ் ஏறி மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். ஒரு வளைவில் என் தோளில் சாய்ந்தபடி மகள் சொன்னாள்: "ம்மா, இன்னிக்கி நீ கீழ உக்காந்திருப்ப. கடசியில கேப்போம் இல்ல? ஒரே ஒரு தடவ பதில் சொல்லும்மா. போதும்."

முன் சீட்டிலிருந்து தோழி திரும்பினாள். "அத்த கவித வாசிக்கிற மாதிரி மெதுவா சொல்லப் போறாங்க பாரு. கத்தணும் அத்த! உங்களுக்கு மைக்கெல்லாம் கெடையாது."

"கத்தறேன்டி, போ" என்றேன். அப்போது உண்மையாகவே கத்துவதாகத்தான் இருந்தேன்.

மதியம் நான் வாசித்த கவிதை, ஒரு பெண்ணின் குரல் மலைச்சரிவில் தீ மாதிரி ஏறுவதைப் பற்றியது. நல்ல கைத்தட்டல். சாயங்காலம் முன்வரிசையில் என் பக்கத்தில் ஒரு மூத்த கவிஞர் உட்கார்ந்தார். என் அடுத்த தொகுப்புக்கு முன்னுரை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவர். மேடையில் ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுளித்தார்.

"உங்க கவிதைய கேட்ட காதால இதையும் கேக்கணுமாம்மா? ரெண்டு பொட்டப் புள்ளைங்களாம், மேடையில கத்துமாம். எவ பெத்து வுட்டாளோ." பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஒண்ணு உங்க ஊருப் பொண்ணுன்னு சொல்றாங்களே, தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"இல்ல சார். தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். நாக்கு தடுக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது அது!

முதுகுக்குப் பின்னால் ஏதோ நிழலாடியது. திரும்பினேன். தோழி நின்றிருந்தாள், கையில் என் மகளின் மூக்குக்கண்ணாடியோடு. ஆடும்போது விழுந்துவிடும் என்று மகள் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். கண்ணாடியை நீட்டினாள்.

"மேடம், இது உங்களோடதா? கீழ கெடந்துச்சு."

எப்போதும் அத்த என்று கூப்பிடுகிறவள். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. என் மகளை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. சொற்களை அவள் வீசினாள், தோழி பிடித்தாள். தோழி வீசியதை இவள் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மூத்த கவிஞர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இனி எனக்குத் தடை ஒன்றும் இல்லை. கடைசிப் பாட்டு வந்தது. தோழி என் மகளின் கையைப் பிடித்து உயர்த்தினாள். மைக்கில் கேட்டாள். முன்வரிசையைப் பார்த்துக் கேட்டாள், என்னைப் பார்த்து.

"யாரு வூட்டுப் பொண்ணு?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சற்று முன்னால் அவ்வளவு சுலபமாக ஓடிய அதே நாக்கு கல்லாகக் கிடந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மலைக்காரப் பெண்மணி, இடுப்பில் தூங்கும் குழந்தையோடு, தொண்டை கிழியக் கத்தினாள்: "எங்க வூட்டுப் பொண்ணு!" குழந்தை திடுக்கிட்டு விழித்தது. அவள் என் தோளை இடித்தாள். "நீயும் கத்து, அக்கா! இன்னா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கற?" சுற்றிலும் அத்தனை பேரும் கத்தினார்கள். யார் யாரோ என் மகளைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ம்மா, கத்துனியா? கண்ணாடி இல்லாம ஒண்ணுமே தெரியல, எல்லாம் மங்கலா இருந்துச்சு. கத்துன இல்ல?"

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. தோழி முந்திக்கொண்டாள்.

"இன்னா கேள்வி இது? எனக்கு நல்லா கேட்டுச்சு. அத்த கத்துன கத்துல பக்கத்துல இருந்த சாரு எழுந்தே போய்ட்டாரு!"

மகள் சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். கண்ணாடியை வாங்கி மாட்டியவள், "இன்னாம்மா, ஒரே ஈரமா இருக்குது?" என்று அதைக் கழற்றி என் முந்தானையில் துடைத்தாள். அவள் தோளுக்கு மேலாகத் தோழி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "வாங்கத்த, வூட்டுக்குப் போலாம். அம்மா சாமச் சோறு ஆக்கி வச்சிருக்கு" என்று சொல்லி என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

முன்னுரை வந்துவிட்டது. என்னை 'அஞ்சாத குரல்' என்று எழுதியிருக்கிறார். தொகுப்பை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பக்கத்தில் எங்கே மேடை என்றாலும் போகிறேன். எழுந்து நின்று கத்துகிறேன். "போதும்மா, மானம் போவுது" என்று மகள் கேலி செய்கிறாள். அவளிடம் நடந்ததை நானும் சொல்லவில்லை, தோழியும் சொல்லவில்லை. அந்தப் பெண் எனக்காகச் சொன்ன பொய்யை ஒவ்வொரு மேடையின் கீழும் நின்று உண்மையாக்கப் பார்க்கிறேன். ஆனாலும் யாராவது என்னை "மேடம்" என்று கூப்பிட்டால், அன்று மகளைத் தெரியாது என்று சொன்னவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.