நடு போல்ட்

போன வியாழக்கிழமை அரியலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நண்பர் பஷீர் பாய் கூப்பிட்டார், போனேன்.

பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. பதினெட்டு வருஷம் வளைகுடாவில் பொக்லைன் ஓட்டியவர். இந்த முறை லீவில் வந்ததும், "இனிமே போகப்போறதில்ல" என்று வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னால் போதுமா? பிழைப்பு வேண்டுமே! மாமனார் விட்டுப்போன நாற்பது வருஷத்து டிராக்டர் ஒன்று வீட்டில் நின்றது. அதன் பின்னால் பழைய ஜேசிபி கை ஒன்றை மாட்டிவிட்டால்... குழி தோண்டலாம், வாய்க்கால் வெட்டலாம், உள்ளூரிலேயே காலம் தள்ளலாம்.

கம்பெனிக்காரன் விடுவானா? திரும்பி வருகிறாயா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று கேட்டுவிட்டான். அதாவது, மறுநாள்.

மெக்கானிக் செல்வராசு டிராக்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "பிரேம் அடிக்கணும் பாய். பத்து நாளு ஆவும்."

"பத்து நாளா? கலப்பை மாட்டற எடத்துலயே மாட்டிவுடு தம்பி. ரெண்டு குழி தோண்டிப் பாத்துட்டுத்தான் நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

செல்வராசு டிராக்டரின் வயிற்றைத் தட்டினார். "லாரின்னா எல்லாத்தையும் தாங்க அடியில சேஸி இருக்கும். இதுக்குக் கெடையாதுங்க. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில்... மூணையும் போல்ட்டு போட்டு சேத்து வச்சிருக்கான். அதான் ஒடம்பே. பின்னாடி கை தோண்டறப்ப இழுவையெல்லாம் இந்த நடு போல்ட்டுதான் வாங்கும். ஒருநா ரெண்டாப் பொளந்துக்கும். ரெண்டு பக்கமும் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் இரும்பு சேனல் ஓட்டினாத்தான் தாங்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "இத்தனை வருஷம் தாங்குச்சே!" என்றேன் — பெரிய இன்ஜினியர் மாதிரி. செல்வராசு பார்த்த பார்வையில் ஸ்டூலோடு ஓரமாக நகர்ந்துகொண்டேன்.

பாயின் முகம் தொங்கிப்போனது. கூட வந்திருந்த மனைவி ரஹ்மத்திடம் திரும்பினார். "இது ஓடுமா ஓடாதான்னே தெரியாம, கையில இருக்கற வேலைய எப்படி வுடறது? இன்னும் ரெண்டே வருஷம்... போயிட்டு வந்துடறேன்."

ரஹ்மத் அதுவரை தன் தகப்பனாரின் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராசு தட்டிய அதே இடத்தில் கை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நீங்க அங்க தோண்டுனீங்க. இங்க எங்க அத்தா மௌத்து, அடக்கம், உங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, புள்ளைங்க படிப்பு, காய்ச்சல்... இழுவையெல்லாம் யாருங்க வாங்குனா? இத்தன வருஷம் தாங்குச்சே, இன்னும் ரெண்டு வருஷம் தாங்காதான்னு நெனைச்சிட்டீங்க, இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த 'தாங்குச்சே' நான் சொன்னதாயிற்றே!

யோசித்துப் பார்த்தால், எத்தனை வீடுகள் இப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன! தோண்டுகிற கை எல்லோர் கண்ணிலும் படுகிறது. சம்பாதிக்கிறான், உழைக்கிறான் என்று பெயரும் வாங்குகிறது. நடுவில் இருப்பதை யார் குனிந்து பார்க்கிறோம்? சத்தம் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பொளந்த பிறகு, "சொல்லவே இல்லையே" என்கிறோம்.

பாய் டிராக்டரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "தம்பி, சேனல் எத்தினி அடி வேணும்?" என்றார்.

கேட்டுக்கொண்டு வெளியே போய் கம்பெனிக்குப் போன் போட்டார். இந்தியில் மளமளவென்று பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான் — நஹி, அதாவது இல்லை. மூன்று தடவை சொன்னார். உள்ளே ரஹ்மத் தலையில் போட்டிருந்த துப்பட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதை எழுதும்போது டிராக்டர் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. அந்தக் கை ஒழுங்காகத் தோண்டுமா? செல்வராசுவே சத்தியம் செய்யவில்லை. தெரியாமலேதான் பாய் வேலையை விட்டார். அந்த ஒரு 'நஹி'க்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! எனக்கு வந்திருக்காது.

அன்று பஸ் பிடித்துப் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய், "நீ போய் உக்காரு, இன்னிக்கு காபி நான் போடறேன்" என்றேன்.

அப்படியே திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னத்த ஒடைச்சீங்க?"